தட்டிப் பார்த்தால் தெரியும்

மார்கழி விடுமுறையில் ஒரு நாள், மழை சற்றே ஓய்ந்திருந்த மாலை வேளையில், வல்வெட்டித்துறைக் கடற்கரையோரமாக நடந்து கொண்டிருந்தோம். மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்த பைபர் கிளாஸ் படகொன்றின் அருகே சம்மாட்டியார் ஒருவர் குந்தியிருந்து, கத்திப் பிடியினாற் படகின் பின்புறத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஓரத்திலே 'டக், டக்' என்று தெளிவாக எழுந்த ஒலி, இயந்திரம் பூட்டும் இடத்தை அணுகியதும் 'தொம், தொம்' என மங்கியது. மனிதரின் முகமும் அவ்வாறே மங்கியது.

"என்ன அண்ணை, டாக்குத்தர் நெஞ்சைத் தட்டிப் பாக்கிற மாதிரித் தட்டிறியள்?" என்று கேட்டோம்.

"வெளியால பாத்தா ஒண்டுமில்லை மாஸ்ரர். உள்ளுக்கை பலகை செத்துப்போச்சுது" என்றார் அவர்.

விளையாட்டாக நாம் கூறிய உவமை பொருத்தமற்றதன்று. நோயாளியின் நெஞ்சை விரலாற் தட்டி நோயறியும் முறையை 1761 இல் நூலாக வெளியிட்ட அவுவன்புறுக்கர் என்ற வைத்தியர், விடுதி நடத்திய ஒருவரின் மகன். பீப்பாவில் எவ்வளவு மதுவிருக்கிறது என்று தட்டிப் பார்த்தறியும் வழக்கத்திலிருந்தே அவருக்கு அந்த எண்ணம் உதித்ததென்பர். வெற்றிடமும் நிறைந்த இடமும், வலியதும் நொய்ந்ததும் ஒரே ஒலி தருவதில்லை. சம்மாட்டியாருக்கு இதனை எவரும் நூலிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவர் கூறிய செய்தி எம் வாசகர் சிலருக்குப் புதிராகத் தோன்றலாம். பைபர் கிளாஸ் என்பது கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, அந்த இழையைத் துணியாகவோ பாயாகவோ ஆக்கி, பிசினிலே தோய்த்து அச்சில் உறைய வைத்த பொருளன்றோ? அதற்குட் செத்துப்போகப் பலகை எங்கிருந்து வந்தது? காரைநகரிற் சீநோர் நிறுவனத்தார் இவ்வகைப் படகுகளைக் கட்டிய நாள் தொட்டு, எமது வடகரையில் இவை பழகிப்போன பொருள்கள். 'உளுக்காது, கறையான் அரிக்காது, ஆண்டுதோறும் கலப்பத்துப் பார்க்க வேண்டியதில்லை' என்பதே இவற்றின் புகழ். அப்புகழ் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. இயந்திரத்தின் பாரத்தையும் உந்தலையும் தாங்குவதற்காகப் பின்புறத்து இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே தடித்த ஒட்டுப்பலகை ஒன்றை வைத்து மூடிவிடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பலகைதான் நோயுற்றிருந்தது.

வீடு திரும்பியபின், இந்நோயைப் பற்றிக் கிடைத்தவற்றை எல்லாம் படிக்கலானோம். படிக்கப் படிக்க, இதே நோயைப் பன்மடங்காக அனுபவிப்போர் அமெரிக்காவின் கீழைக்கரையிற் பழைய பாய்மரப் படகுகளை வைத்திருப்போரே எனக் கண்டோம். அவர்களது படகிற் பாதிக்கப்படுவது பின்பலகையன்று. மாலுமி நடந்து திரியும் மேற்றளம் முழுவதுமே.

பொலியெஸ்தர் பிசினும் கண்ணாடியிழையும் கொண்டு 1942 இற் சிறு பாய்ப்படகு செய்தவர் ஒகையோ மாநிலத்து ரே கிறீன் என்பவர். ஆயினும் இத்தகைய படகு நடுத்தர வருவாயுள்ள குடும்பங்களின் கைக்கு எட்டும் பொருளானது 1959 ஆம் ஆண்டிலே எனலாம். றோட் ஐலண்ட் மாநிலத்திற் பிறிஸ்ரல் என்னும் ஊரிலே கிளின்ரன் பியர்சன், எவறெற் பியர்சன் என்ற ஒன்றுவிட்ட சகோதரர் இருவர் படகு கட்டி வந்தனர். சுவீடனிற் பிறந்த கார்ல் அல்பேர்க் வரைந்து கொடுத்த 28 அடிப் படகொன்றைத் 'திரைற்றன்' எனப் பெயரிட்டு அவ்வாண்டு நியூயோர்க்கில் நடந்த படகுக் கண்காட்சிக்கு அவர்கள் கொண்டு சென்றனர். மக்கள் போட்டியிட்டு வாங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் 700 இற்கு மேற்பட்ட திரைற்றன்கள் கட்டப்பட்டன. இவற்றுட் பல இன்றும் நீரில் மிதக்கின்றன.

(அந்நாட்டுக் கரைக்கும் எமது வல்வெட்டித்துறைக்கும் ஒரு பழந்தொடர்பு உண்டு. இவ்வூர்த் தச்சர் மரத்தாற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் விலைக்கு வாங்க, அது கடல் கடந்து 1938 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. திரைற்றன் பிறந்த பிறிஸ்ரலும் அதே நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்தது.)

அக்காலத்துப் படகு கட்டுவோருக்குக் கண்ணாடியிழையின் வலிமை எத்துணையது என்பது திட்டமாகத் தெரியாது. ஆகவே அடிப்பகுதியை, மரப்படகின் தடிப்பை மனத்திற் கொண்டு, வேண்டியதற்கு மேலாகவே தடிப்பாகச் செய்தனர். அறியாமையும் சில வேளை நன்மை பயக்கும்: அறுபது ஆண்டு கழிந்தும் அவ்வடிப்பகுதிகள் அசைவின்றி நிற்கின்றன. மேற்றளத்தை அவ்வாறு செய்ய இயலாது. உயரத்திலே பாரம் கூடினால் படகு தள்ளாடும். பாரத்தைக் குறைக்க மெல்லிதாகச் செய்தாலோ காலடியில் தகரம்போல நெளியும். இந்த இக்கட்டுக்குக் கண்ட தீர்வே, இரு மெல்லிய உறைகளுக்கு நடுவே இலேசான மரத்தை உள்ளீடாக வைத்தல்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர் இவ்விடத்திற் சற்று நிற்பாராக. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் கனத்துக்கு ஏற்ப உயரும். தடிப்பை இருமடங்காக்கினால் விறைப்பு எண்மடங்காகும். 6 மில்லிமீற்றர்த் தகடொன்றை 3 மில்லிமீற்றராக இரு கூறாக்கி, நடுவே 12 மில்லிமீற்றர் மரத்தை வைத்து ஒட்டுகின்றோம் என்று கொள்வோம். முழுத் தடிப்பு 18. மரத்தின் சொந்த விறைப்பைப் புறக்கணித்து, 18 இன் கனத்திலிருந்து 12 இன் கனத்தைக் கழித்தால் 4104. தனித் தகட்டுக்கு 6 இன் கனம் 216. எனவே அதே அளவு கண்ணாடியைக் கொண்டு ஏறத்தாழப் பத்தொன்பது மடங்கு விறைப்பைப் பெற்றுவிட்டோம். அதற்காகக் கூட்டிய பாரம் சதுர மீற்றருக்கு இரண்டு கிலோகிராம் அளவே. ஆனால் இந்த இலாபமெல்லாம் ஒட்டு நிலைத்திருக்கும் வரைதான். உள்ளீடு உளுத்து உறைகள் தனித்தனியே பிரிந்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் 3 இன் கனமாகிய 27. இரண்டுக்கும் சேர்த்து 54. முன்னிருந்த விறைப்பில் எழுபத்தாறில் ஒரு பங்கே எஞ்சும். வெளித்தோற்றத்தில் ஓர் அணுவும் மாறாமல் இத்தனையும் நிகழ்ந்துவிடும் என்பதே அஞ்சத்தக்கது.

நடுவே வைத்த மரம் பால்சா. தென்னமெரிக்காவில் ஈக்குவடோர் நாட்டிலிருந்து பெரும்பாலும் வருவது. கன மீற்றருக்கு ஏறத்தாழ 160 கிலோகிராமே நிறையுடையது. தண்ணீரின் நிறையில் ஆறில் ஒரு பங்கு. எமது வளவுகளிற் பஞ்சு தரும் இலவ மரத்துக்கு இது நெருங்கிய உறவு. இலவங்கட்டையின் மென்மையை அறிந்தவர்க்கு இவ்வுறவு வியப்பளிக்காது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் 'மொஸ்கிற்றோ' விமானத்தின் உடலும் இவ்வாறே பால்சாவை ஒட்டுப்பலகைகளின் நடுவே வைத்துச் செய்யப்பட்டது.

தோர் ஹேயர்டால் 1947 இல் ஒன்பது பால்சா மரங்களைப் பிணைத்த 'கொன்-ரிக்கி' என்னும் தெப்பத்திற் பெருநாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாளிற் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தார். பால்சா நீரை உறிஞ்சி நடுக்கடலில் அமிழ்ந்துவிடும் என்று பலர் அவரை எச்சரித்தனர். அவரோ காட்டிற் புதிதாக வெட்டிய பச்சை மரங்களையே தேர்ந்தார். உள்ளிருந்த சாறு கடல்நீரைத் தடுத்து நின்றது. படகு கட்டுவோருக்கு இந்த வசதி இல்லை. பிசின் பற்றவேண்டுமானால் மரம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். உலர்ந்த பால்சாவோ நீரைக் கண்டால் விடாது.

மரத்தைச் சிறு கட்டைகளாக அறுத்து, இழைகள் செங்குத்தாக நிற்குமாறு அடுக்குவர். தூண்கள் நிற்பது போல் இழைகள் நின்று மேலுறையின் பாரத்தைக் கீழுறைக்குக் கடத்தும். மரத்தில் நீர் இழை வழியே விரைந்தும், இழைக்குக் குறுக்கே மெதுவாகவுமே செல்லுமாதலால், ஓரிடத்திற் புகுந்த நீர் பக்கவாட்டிற் பரவாது என்பது ஏட்டளவிலான நம்பிக்கை. வளைவுக்கு இசையக் கட்டைகளின் நடுவே விட்ட இடைவெளிகளைப் பிசின் நிரப்பாமற் போன இடங்களில் அவை வாய்க்கால்களாகிவிடுகின்றன.

நீர் புகும் வழி எது? மேற்றளத்தை நூறு இடங்களிலே துளைக்கின்றோம். விளிம்பில் ஆள் விழாமற் கம்பி பிடிக்க நாட்டிய கால்கள், கயிறு கட்டும் முளைகள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பூட்டும் தகடுகள் யாவும் திருகாணிகளால் ஊடுருவப் பூட்டப்பட்டவை. ஒவ்வொரு துளையிலும் அடைப்புப் பசை உண்டு. அப்பசைக்கு ஆயுளும் உண்டு. இறங்குதுறையில் நிற்போர் அந்தக் கால்களைப் பிடித்தே படகை இழுப்பர். நெம்புகோலின் கொள்கைப்படி, உச்சியில் இழுத்த சிறு விசை அடியிலே பன்மடங்காகிப் பசையைக் கிழிக்கும். கிழிந்த பின் ஒவ்வொரு மழையிலும் சில துளிகள், அவ்வளவே போதும்.

மழை என்றோம், கடல் அலை என்று கூறவில்லை. படகைக் கெடுப்பது கடலன்று, வானம். மரத்தை உளுக்க வைக்கும் பங்கசுக்கு ஈரமும் காற்றும் இதமான வெப்பமும் வேண்டும். உப்பு அதற்குப் பகை. இதனை அறிந்தே நியூ இங்கிலாந்தின் பழைய கப்பற் தச்சர் மரக்கலங்களின் வங்குகளுக்கிடையே கல்லுப்பைக் கொட்டி வைத்தனர். மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் நூற்றுக்கு இருபதுக்குக் கீழிருக்கும் வரை பங்கசு தலையெடுக்காது. இரு கண்ணாடி உறைகளுக்குள் அகப்பட்ட மழைநீருக்கோ வெளியேற வழியில்லை. வடநாட்டுக் குளிரில் இன்னொரு தீங்கும் சேரும்: நீர் உறையும்போது அதன் கனவளவு நூற்றுக்கு ஒன்பது அளவு பெருகுமாதலால், பனிக்கட்டி ஆப்புப் போல நின்று உறையை மரத்திலிருந்து பிரிக்கும். இரண்டு மூன்று மாரிகளிற் கைகூடிய பிளவு, பிறகு கோடையிற் கூடுவதில்லை.

நோயின் குறிகளை அறிவது அரிதன்று. நடக்கையிற் காலடி சற்றுத் தாழும். அறையின் உட்கூரையிலே திருகாணியின் அடியிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் கசியும். சுத்தியலின் பிடியால் அல்லது ஒரு நாணயத்தாற் தட்டிப் பார்த்து, ஒலி மங்கும் எல்லையைப் பென்சிலாற் கோடிட்டு வரலாம். கடைசி நிச்சயம் துறப்பணத்தாலேதான் கிட்டும். கீழுறையிற் சிறு துளையிட்டால், நல்ல இடத்தில் வெண்மையான உலர் துருவல் வரும். கெட்ட இடத்தில் கபில நிறச் சேறு வரும், புளித்த நாற்றத்துடன்.

இங்கேதான் உரிமையாளரின் சோதனை தொடங்குகின்றது. இத்தகைய பழைய படகை வாங்குவோர் செல்வரல்லர். புதுப்படகின் விலையில் ஒரு சிறு பங்குக்கு இது கிடைத்ததென்று, சேமிப்பைக் கொடுத்து வாங்கியவர். வாங்கிய பின்னரே தட்டிப் பார்க்கிறார். அவருக்கு மலிவான ஆலோசனை ஒன்றும் காத்திருக்கும். 'மேலுறையிற் சிறு சிறு துளைகளிட்டு, ஊசியால் எப்பொக்சிப் பிசினை ஏற்றிவிடும். இளகிய மரம் கல்லாகிவிடும்' என்பர்.

இவ்வாலோசனையை நாம் வெறுக்கின்றோம். உறை பிரிந்து, உள்ளே மரம் முற்றாக உலர்ந்து நன்றாயிருக்கும் இடத்தில் ஏற்றும் பிசின் ஒட்டக்கூடும், அதனை மறுக்கவில்லை. ஆனால் ஈரமேறிய மரத்தின் நுண்குழாய்களில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருக்கின்றது. நிரம்பிய குடத்திற் பால் வார்ப்பதெங்ஙனம்? பிசின் துளையைச் சுற்றிச் சிறு குமிழ்களாக உறைந்து, நீரையும் பங்கசையும் உள்ளே வைத்து முத்திரையிட்டுவிடும். தட்டினால் ஒலி சிறிது தெளிவாகவும் கேட்கும்! ஒலி தெளிந்ததென நம்பிக் கடலுக்குச் சென்றவர், காற்று வலுத்த இரவிலே பாயைச் சுருக்க முன்னே போகும்போது, தம் இடுப்புக் கயிற்றைப் பூட்டிய முளை மேற்றளத்தோடு பெயர்ந்து வருமாயின் என் செய்வார்? பாய்மரத்துக் கம்பியின் தகடு பெயர்ந்தாலோ பாய்மரமே சரியும்.

ஆகவே வெட்டுவதே வழி. வட்டவாளின் ஆழத்தை மேலுறையின் தடிப்புக்கு மட்டும் அமைத்து, பென்சிற் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டுவர். கீழுறையை வெட்டிவிடலாகாது, மேற்றளத்தின் வளைவைக் காத்து நிற்பது இனி அதுவொன்றே. பெரிய பரப்பானால் உள்ளேயிருந்து மரச்சட்டங்களால் முட்டுக் கொடுத்து, பகுதி பகுதியாகத் திறப்பர். அகலமான உளியைச் செலுத்தி நெம்பினால், உளுத்த இடத்தில் உறை எவ்விதத் தடையுமின்றிக் கழன்று வரும். அது தரும் மகிழ்ச்சி துன்பம் கலந்த மகிழ்ச்சியே. நல்ல மரத்தை அணுகும்போதுதான் உளி திணறும். அங்ஙனம் திணறும் இடம் எதிர்பார்த்த கோட்டில் வருவது அரிது. கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு முழம் என்று வேலை வளரும். ஈரம் தொட்ட மரத்தை இரக்கத்தால் விட்டு வைத்தவர் சில ஆண்டுகளில் மீண்டும் அதே வாளைத் தேடுவர்.

கண்ணாடித்தூசு கொடியது. கண், மூக்கு, தோல் மூன்றையும் மூடிக்கொண்டே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

சிலர் மேற்றளத்தின் வழுக்காத வடிவங்களைக் கெடுக்க மனமின்றி, அறையின் உள்ளிருந்து கீழுறையை வெட்டி இதே வேலையைச் செய்வர். தலைக்கு மேலே கையை நீட்டிப் பிசின் பூசுவது எத்தகைய தவம் என்பதை, கூரைக்குச் சாந்து பூசும் மேசனாரைக் கேட்டறிக. பூசியதிற் பாதி பூசுவோரின் தலையிலே வந்து சேரும்.

உட்பகுதியைச் சுரண்டி, உரத்த தாளால் உரைத்து, அசெற்றோன் கொண்டு துடைத்து, நாட்கணக்காக உலர விடுவர். புதிய உள்ளீடாகப் பால்சாவையே வைக்கலாம். உளுக்காத நுரைப்பலகையும் வைக்கலாம். பெருந்திருகாணி வரும் இடங்களில் அமுங்காத ஒட்டுப்பலகை நன்று. முதலில் நீர்த்த எப்பொக்சியை இரு முகங்களிலும் பூசி மரத்தைக் குடிக்க விடல் வேண்டும். குடித்தபின் சிலிக்காப் பொடி கலந்து வெண்ணெய்ப் பதமாக்கிய பிசினைப் பரப்பி, கட்டையை அமர்த்தி, பொலித்தீன் விரிப்பை இட்டு, மணல் மூட்டைகளைப் பாரமேற்றுவர். பசை விளிம்பெங்கும் பிதுங்கி வருதல் வேண்டும். பிதுங்காத இடத்திற் காற்றறை இருக்கும், காற்றறையில் நாளை நீர் இருக்கும்.

விஞ்ஞான மாணவர்க்கு ஒரு சொல். பொலியெஸ்தர்ப் பிசினில் நாம் சேர்க்கும் சிறிதளவு பெரொட்சைட்டு தாக்கத்தைத் தொடக்கிவிடுவது மாத்திரமே. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப அதனைச் சிறிது கூட்டிக் குறைக்கலாம். எப்பொக்சி அப்படியன்று. அதன் இரு கூறுகளும் ஒன்றோடொன்று இணைந்து முடிப்பவை. விரைவில் உறையட்டுமென்று ஒன்றை மிகையாக ஊற்றினால், துணை கிடையாத மூலக்கூறுகள் எஞ்சி, பிசின் என்றைக்கும் இளகியே கிடக்கும். கலந்த பிசினை ஆழமான குவளையிலே விட்டு வைத்தால், தாக்கத்திற் பிறக்கும் வெப்பம் வெளியேறாது பெருகிப் புகையெழும். அகன்ற தட்டிற் பரப்பினால் அமைதியாயிருக்கும். இவற்றோடு, எப்பொக்சி உறைந்ததன் மேற் பொலியெஸ்தர் நன்கு பற்றாது. பொலியெஸ்தரின் மேல் எப்பொக்சி பற்றும். எந்த ஒழுங்கில் இடுவது என்பதை வேலை தொடங்கு முன்னே தீர்மானித்தல் வேண்டும். வெறுங்கையாற் தொடுவோருக்கு ஒருநாள் திடீரெனத் தோற்சிரங்கு வரும். வந்தபின் ஆயுள் முழுதும் அப்பொருள் ஆகாது.

கழற்றிய மேலுறையையே திரும்ப ஒட்டலாம். வெட்டிய வாய் இணையும் இடத்தை மட்டும், ஒரு பங்கு தடிப்புக்குப் பன்னிரண்டு பங்கு அகலம் என்னும் அளவிற் சாய்வாக உரைத்து, கண்ணாடித்துணி நாடாக்களை அகலத்தால் ஒன்றைவிட ஒன்று வேறுபட அடுக்கிப் பிசினூட்டுவர். மூன்று மில்லிமீற்றர் உறைக்கு ஒவ்வொரு பக்கமும் முப்பத்தாறு மில்லிமீற்றர்ச் சாய்வு. சரிவு குறைந்தால் வாய் மீண்டும் பிளக்கும். பின் மட்டம் பார்த்தல், உரைத்தல், வர்ணம் பூசுதல் என்பன எவருக்கும் தெரிந்தவை. ஆனால் பார்ப்போர் புகழ்வது அவற்றையே.

இதற்கு மேலும் மிகவும் வேண்டப்படுவதொன்றுண்டு. திருகாணித் துளைகளைப் பழையபடி மரத்தினூடே போட்டால், பட்ட பாடு அனைத்தும் வீண். வேண்டியதைவிடப் பெரிய துளையிட்டு, வளைத்த ஆணியைத் துறப்பணத்திற் பூட்டிச் சுழற்றி உறைகளுக்கிடையே உள்ள மரத்தைக் குடைந்தெடுத்து, அடியை நாடாவால் மூடி, தடித்த எப்பொக்சியால் நிரப்பி, அது உறைந்தபின் அதன் நடுவே உரிய துளையைப் போடுவர். இனி அடைப்புப் பசை பழுதானாலும் நீர் சந்திப்பது பிசினை, மரத்தையன்று. படகு கட்டிய அன்றே ஒவ்வொரு துளைக்கும் இவ்வாறு செய்திருந்தால் இந்நோய் இந்த அளவுக்குத் தோன்றியிராது. கண்காட்சிக்கு வந்தோர் நாலாபுறமும் விலை கேட்டு நின்றபோது அதற்கு நேரமிருக்கவில்லைப் போலும்.

இத்தனை பாடுபடும் தகுதி பழைய படகுக்கு உண்டா? ஓய்வு நாட்கள் ஒரு பருவம் முழுதும் இதற்கே போகும். செப்பனிட்ட பின்னும் விற்கும் விலை செலவை ஈடு செய்யாது. கணக்குப் பார்த்தால் விட்டுவிடுவதே இலாபம். ஆனால் விட்டுவிடுவது எங்ஙனம்? மரக்கலம் கரையிற் கிடந்தால் மண்ணாகிவிடும். கண்ணாடியிழைக் கலம் மண்ணாவதில்லை, எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். உரிமையாளரில்லாத பழம்படகுகள் அந்நாட்டுப் படகுத்துறைகளிற் பெருந் தொல்லையாகி, அண்மை ஆண்டுகளில் றோட் ஐலண்ட் மாநிலத்துப் படகுத் தொழிற்றுறையினர் சங்கமே அவற்றை நொறுக்கிச் சீமெந்துச் சூளைக்கு அனுப்பும் முயற்சியிலே இறங்கியது. பங்கசு தின்பது பாரத்தில் மிகச் சிறிய பகுதியாகிய பால்சாவை. அதற்காகச் சூளைக்குப் போவதோ நூறாண்டு நிற்கக்கூடிய முழுக் கலம். பணக்கணக்கு எவ்வாறாயினும், எம் மனம் வாளையும் உளியையும் எடுத்தவர் பக்கமே சாய்கின்றது. திரைற்றன் ஒன்றைப் புதுக்கி உலகைச் சுற்றி வந்தோரும் உளர்.

சம்மாட்டியாரிடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் சென்றோம். அவருடைய சிக்கல் ஓய்வு நேரப் பொழுதுபோக்கன்று. கடன்பட்டு வாங்கிய இயந்திரம் தொங்குவது அந்தப் பலகையில். தொழிற் காலம் தொடங்கிவிட்டது. படகை வெட்டித் திறந்தால் இரண்டு கிழமைக்கு உழைப்பில்லை. "பிசினை ஊத்தி விட்டா நிக்கும்" என்று மைத்துனர் சொல்லிக்கொண்டேயிருந்தாராம்.

"மாஸ்ரர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றார்.

நாம் நூலறிவு மாத்திரமே உடையவர்கள் என்று தயங்கினோம். வெளியூர்ப் படகுகளைப் பற்றிப் படித்தவற்றைக் கூறினோம். நிரம்பிய குடத்தின் கதையையும் கூறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கத்திப் பிடியை எடுத்து மேலும் இரண்டு முறை தட்டினார்.

மாசி முதற்கிழமை அவ்வழியாகப் போனபோது படகின் பின்புறம் உள்ளிருந்து திறக்கப்பட்டுக் கிடந்தது. அள்ளியெடுத்த பழைய பலகை, நனைந்த கருப்பட்டிபோல ஒரு கடகம் நிறைய மணலில் இருந்தது. விரலால் அழுத்தினால் நீர் வடிந்தது. வெளித்தகட்டை வெயில் உலர்த்திக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த கிழமை புதிய ஒட்டுப்பலகை மூன்று அடுக்காக உள்ளே அமர்ந்துவிட்டது. இயந்திரத்துக்கான துளைகளைப் பெரிதாகப் போட்டுப் பிசினால் அடைத்திருந்தார். மைத்துனர் அந்தப் பிசின் வட்டங்களைச் சுட்டிக்காட்டி, "போட்ட ஓட்டையை அடைச்சுப் போட்டுத் திரும்ப ஓட்டை போடுறார் மாஸ்ரர், இவருக்கென்ன விசரோ?" என்று எம்மிடம் முறையிட்டார். சம்மாட்டியார் துறப்பணத்தை வட்டத்தின் நடுவே வைத்து அழுத்தினார். வெளிவந்த துருவல் முழுவதும் பிசின் நிறமாகவே இருந்தது. மரத்தூள் ஒரு சிட்டிகையும் இல்லை.